நெவில் ஹோர்டன் தவிர

ரேலீன் மெட்வின் கோபமாக வருகிறாள் என்பது அவள் வண்டி நிற்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு என் கொட்டகை வாசலில் சரளைக்கல் பறந்து தகரத்தில் அடித்தது. நான் சிப்பிகளைப் பெரிது, நடுத்தரம், சின்னது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள் ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஈர மேசையின் மேல் ஒரு தாளை அறைந்தாள்.

"படி," என்றாள்.

நான் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். தாள் முழுக்கப் பொடி எழுத்து. ஆனால் நடுவில் இருந்த ஒரு வரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானே என் கையால் எழுதிக் கொடுத்த வரி அது. 'இந்தக் கணக்கை உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம், நெவில் ஹோர்டனும் அவனிடம் வேலை செய்கிறவர்களும் தவிர.'

"சரியாத்தானே இருக்கு," என்றேன்.

அவள் கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். "இந்த ஒரு வரியால என்னோட பன்னெண்டு வருஷ வேலையைத் தூக்கி வெளியே போடப் போறாங்க, மெர்வ். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

ரேலீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்மித்டன் பால் தொழிற்சாலையின் எடைமேடையில் இருபத்தேழு வருடம் இருந்தவள். பால் லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் சீட்டுக்கும் கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டாலும் லாரியைத் திருப்பி நிறுத்திவிடுவாள். டாஸ்மேனியாவின் வடமேற்கு மூலையில் அவளைத் திட்டாத லாரி டிரைவர் கிடையாது. அதிகமாகத் திட்டியவன் கெவின் மெட்வின். அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

தொழிற்சாலை பழைய கணினிகளைக் குப்பைமேட்டுக்கு அனுப்பியபோது ஆறு கணினிகளை மறித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவற்றில் போடக் காசில்லாமல் கிடைத்தது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதன் கையேட்டை எடைச்சீட்டு படிப்பதுபோல, ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து வரிவரியாகப் படித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு தவறைக் கண்டுபிடித்து அந்த லினக்ஸ்காரர்களுக்குக் கடிதம் போட்டாள். அப்படியென்றால் நீங்களே திருத்தித் தாருங்கள் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் இப்படித்தான் மாட்டுகிறார்களாம். சம்பளம் கிடையாது, தலைவலி மட்டும் உண்டு. எழுபத்து நாலு வயதில் இன்னும் கடலில் இறங்குகிற எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அவள் செய்வது இதுதான். உலகத்தில் எவனோ ஒருவன் ஒரு மென்பொருளை எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். அதை ரேலீன் எடுத்து, எந்தக் கோப்பு எங்கே உட்கார வேண்டும், கூட வேறு என்னென்ன வேண்டும், எந்தக் கோப்பை யார் எழுதினார்கள், என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்றெல்லாம் எழுதி மூட்டை கட்டுகிறாள். அவர்கள் பேக்கேஜ் என்கிறார்கள், எனக்கு அது மூட்டை. படித்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அவள் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்ததாம். எனக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. என் சிப்பி மூட்டை ஒவ்வொன்றிலும் சீட்டு தொங்கும். எந்தக் குத்தகை நிலம், எந்தத் தேதி, யார் எடுத்தது. சீட்டில்லாத மூட்டையில் உலகத்திலேயே நல்ல சிப்பி இருந்தாலும் இன்ஸ்பெக்டர் அதைக் குழியில் கொட்டச் சொல்வார். உலகத்திலேயே நல்ல சிப்பி என்னுடையதுதான், அதையும் ஒரு தடவை கொட்டினேன்.

அவர்களுடைய இன்ஸ்பெக்டர் ஒரு நிரல். மூட்டையைக் கொடுத்தால் உள்ளே துழாவிப் பார்த்துக் குற்றப்பட்டியல் போடும். ரேலீன் அதற்கு மிஸ் கிரிம்வுட் என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் எடுத்த டீச்சர் அவர். கணக்கு சரியாகப் போட்டிருந்தாலும் நகத்தில் அழுக்கைப் பார்த்து அடிப்பார். இந்த நிரலும் அப்படித்தான். விவரக்குறிப்பின் முதல் வரியில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது என்னும். வரியின் கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு இடைவெளி இருக்கிறது என்னும். விதிப்புத்தகத்தின் பழைய பதிப்பைப் பார்த்துக் கட்டியிருக்கிறாய், புதியதைப் பார் என்னும். ஒன்றைத் திருத்தினால் இரண்டு முளைக்கும். அவள் சமையலறையில் உட்கார்ந்து அந்தத் திரையைத் திட்டுவது கேட்டுக் கெவின் ரொட்டித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவான்.

அவள் பன்னிரண்டு வருடமாகக் கட்டிவந்த மூட்டை, கடலின் ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று சொல்லும் மென்பொருள். எங்களுக்கு உயிர் அது. அரசாங்க அட்டவணை துறைமுகத்துக்குப் போட்டது. எங்கள் டாக்லெக் கழிமுகம் முழங்கை மாதிரி மடிந்து உள்ளே போகிறது. துறைமுகத்தில் தண்ணீர் வற்றி ஐம்பது நிமிடம் கழித்துத்தான் இங்கே வற்றும். காற்று மாறினால் அதுவும் மாறும். தெரியாமல் மணலில் வண்டியை இறக்கியவர்களின் வண்டிகள் இரண்டு இன்றும் அங்கேயே புதைந்து கிடக்கின்றன.

அந்த ஐம்பது நிமிடத்தைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு கம்பில் வர்ணம் அடித்து, அடையாளம் போட்டு, பதினான்கு மாதம் மழையிலும் பனியிலும் நின்று ஒவ்வொரு ஏற்றத்தையும் வற்றத்தையும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில் எழுதினேன். ஒன்பது நோட்டு. பல்கலைக்கழகத்தில் இருந்து ஒருவனும் வரவில்லை. அதை வைத்துத்தான் நாற்பது சிப்பிக் கம்பில் தொடங்கிய என் குத்தகை இன்று பதினோரு ஹெக்டேர் ஆனது. மூன்று படகு. சிட்னி ஓட்டல்களில் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

அப்போது பக்கத்துக் குத்தகைக்காரன் நெவில் ஹோர்டன், மதுக்கடையில் பதினான்கு பேர் முன்னால் சொன்னான், "மெர்வ் அளந்தானாமா? அவனுக்கு முதல்ல மணி பாக்கத் தெரியுமான்னு கேளுங்கடா." அரசாங்கப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாகவும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

பல வருடம் கழித்து ரேலீன் வந்து கேட்டபோது ஒன்பது நோட்டையும் கொடுத்தேன். கூடவே அந்த ஒரு வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் வரியை மட்டும் அடுப்பில் போட்டிருப்பார்கள். இவள் எடைமேடைக்காரி. எழுதியவரின் நிபந்தனையை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே சேர்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. சேர்த்துவிட்டாள். உலகம் முழுக்க யார் அந்த மூட்டையைப் பிரித்தாலும் டாக்லெக் எண்களுக்கு மேலே நெவில் ஹோர்டனின் பெயர் இருந்தது. எனக்கு அது பெரிய திருப்தி.

மிஸ் கிரிம்வுட் இதுவரை எண்கள் மட்டும் இருக்கிற கோப்புகளைத் திறந்து பார்த்ததில்லை. இந்த வருடம்தான் புதிதாக ஒரு சோதனை சேர்த்தார்களாம், எல்லாக் கோப்பின் தலைப்பையும் படிக்கிறது. 'தவிர' என்ற வார்த்தையைப் பிடித்துவிட்டது. எந்த மனிதனையும் எந்தக் கூட்டத்தையும் ஒதுக்கி வைக்கும் எதுவும் அந்த லினக்ஸில் இருக்கக் கூடாது, அது அவர்களுடைய அடிப்படை விதி. எஸ்தோனியாவில் இருந்து உர்மாஸ் என்ற ஒரு மேற்பார்வையாளர் மரியாதையாக எழுதியிருந்தார். நெவில் ஹோர்டன் என்பவர் யார், அவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், எதுவாக இருந்தாலும் ஏப்ரல் ஏழாம் தேதிக்குள் இதைத் தீர்க்காவிட்டால் மூட்டை லினக்ஸின் புதிய வெளியீட்டில் இருக்காது.

"வரியை எடுத்துடு, முடிஞ்சுது," என்றேன்.

"நான் எடுக்க முடியாது. எழுதினது நீ. நீதான் எடுக்கணும். எல்லாரும் பாக்கற எடத்துல, உன் பேர்ல, எழுத்துல."

"அப்படின்னா இருக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெவின் ஏன் தோட்டத்துக்குப் போகிறான் என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்த நாள்களில் அவள் செய்யாத வித்தை இல்லை. முதலில், இந்தக் குறை எங்களுக்குத் தெரியும், கண்டுகொள்ளாதே என்று நிரலுக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தாள். அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறதாம். மிஸ் கிரிம்வுட் வாயை மூடிக்கொண்டார். உர்மாஸ் மூடவில்லை. குறிப்பு எழுதினால் குறை போய்விடாது என்று சொல்லிப் புகாரை மறுபடி திறந்துவிட்டார். பிறகு அவள் டாக்லெக் கோப்பையே வெட்டி எடுத்துவிட்டு மூட்டையைக் கட்டிப் பார்த்தாள். ஒரு குற்றமும் இல்லை, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பட்டியல் வெறுமையாக வந்தது. வேறு யாராவது என்றால் பியர் பாட்டிலைத் திறந்திருப்பார்கள். அவள் அந்த வெற்றுப் பட்டியலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் கெவின் பின்னால் சொன்னான். நார்வேயின் கடலுக்கெல்லாம் கணக்குச் சொல்லும் மூட்டை, அவள் சமையலறை ஜன்னலில் தெரிகிற தண்ணீருக்குச் சொல்லாது.

நாலு நாள் பாக்கி இருக்கும்போது மறுபடி வந்தாள். இந்தத் தடவை சரளைக்கல் பறக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று சிப்பிகளைப் பிரிக்கத் தொடங்கினாள். நடுத்தரத்தைப் பெரிதில் போட்டாள், நான் எடுத்து மாற்றினேன்.

கடல் மீட்புக் கொட்டகையில் இருக்கிற கணினி ஜூன் மாதம் புதிய வெளியீட்டுக்கு மாறும், அப்போது டாக்லெக் அதிலிருந்து போய்விடும் என்றாள். என்னிடம் நோட்டுகள் இருக்கின்றன, கேட்டால் தருவேன் என்றேன்.

"அங்க ரேடியோல உக்காந்திருக்கறது யாருன்னு தெரியுமில்ல?"

தெரியும். இடுப்பு எலும்பு தேய்ந்து குத்தகையை மகளிடம் விட்ட பிறகு நெவ் ஹோர்டன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

"போன வருஷம் அந்த அடிலெய்ட் தம்பதி மணல்ல சிக்கின கார் மேல ஏறி நின்னாங்களே, அப்போ படகை உடனே விடாதீங்க, தரை தட்டிடும், முப்பத்தஞ்சு நிமிஷம் பொறுங்க, தண்ணி ஏறட்டும்னு யாரு சொன்னா?"

"நெவ்தான். பேப்பர்ல போட்டோ போட்டாங்க." அந்தப் படத்தை நான் மறக்கவில்லை. காதுவரை இளிப்பு.

"எதைப் பாத்துச் சொன்னான்னு நெனைக்கற?"

கையில் இருந்த சிப்பியை நான் எந்தக் கூடையிலும் போடவில்லை.

"அந்தக் கம்ப்யூட்டர்ல உன் கணக்கை நான்தான் போட்டுக் குடுத்தேன்," என்றாள் ரேலீன். "பன்னெண்டு வருஷமாச்சு. நீ எழுதின நிபந்தனை தெரிஞ்சுதான் போட்டேன். நெவ்கிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல. ஒரு லிட்டருக்காக லாரியைத் திருப்பினவ நான். இதை மட்டும் சீட்டில்லாம உள்ள விட்டேன். அந்த உர்மாஸ், நெவ் யாருன்னு கேக்கறார். நான் என்னன்னு பதில் எழுதறது?"

எனக்கு முதலில் வந்தது கோபம். திருடன், என் பதினான்கு மாதத்தைத் திருடியிருக்கிறான் என்று சத்தம் போட்டேன். திருடியது நான், அவனுக்குத் தெரியாது என்று அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மற்றது மெதுவாக உறைத்தது. எனக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டவன், என் மணியைப் பார்த்துப் பன்னிரண்டு வருடமாகப் படகு விட்டிருக்கிறான். ஒரு தடவையும் கணக்கு தப்பவில்லை. ஒரு ஆளும் சாகவில்லை.

மறுநாள் காலை நான் அவள் வீட்டுக்குப் போனேன். கெவின் என்னைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

நான் ஒற்றை விரலில் தட்டினேன், அவள் பின்னால் நின்றாள். முதலில் நான் எழுதியது: யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அந்தத் தகுதி துளியும் இல்லாத நெவில் ஹோர்டன் உட்பட. அழித்துவிட்டாள். இரண்டாவது: நல்ல காரியத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அதுவும் ஆகாதாம். எந்தக் காரியத்துக்கு என்று நிபந்தனை போடக் கூடாது. கெட்ட காரியத்துக்கு ஏற்றவற்றக் கணக்கை எவன் தேடப்போகிறான் என்று கேட்டேன், கடத்தல்காரன் என்றாள். மூன்றாவது: பயன்படுத்துகிறவர்கள் எனக்கு ஒரு பியர் வாங்கித் தர வேண்டும்.

"'விரும்பினால்'னு போட்டா செல்லும். 'வேண்டும்'னா செல்லாது."

"நெவ் ஒருநாளும் விரும்பமாட்டான்."

"அது அவன் இஷ்டம். அதைத்தான் ஆறு நாளா கத்திட்டிருக்கேன். எவன் இஷ்டத்தையும் நீ புடிச்சு வெச்சுக்க முடியாது, தாயோளி." பிறகு கொஞ்சம் தணிந்து, டீயை என் பக்கம் தள்ளினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாம். உன் பேரை எடுக்கக் கூடாதுன்னு கேக்கலாம். அது எல்லா விதியிலயும் செல்லும்."

"எல்லா எடத்துலயும் இருக்குமா?"

"எங்க போனாலும் கூடவே போகும். அட்டவணைக்கு அடியில தெரியற மாதிரி நானே வெச்சுத் தரேன்."

"மீட்புக் கொட்டகையிலயும்?"

"அங்கயும்தான்."

அப்படி எழுதியதுதான் இன்றைக்கும் இருப்பது. 'டாக்லெக் கழிமுகத்தின் ஏற்றத்தையும் வற்றத்தையும் அளந்தவன் மெர்வின் ஆலிங்டன். யாரும், எதற்கும், எப்படியும் பயன்படுத்தலாம், மாற்றலாம், கொடுக்கலாம், விற்கலாம். என் பெயரை எடுக்கக் கூடாது.' இதை எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. உர்மாஸ் ஒரு மணி நேரத்தில் நன்றி சொல்லிப் புகாரை மூடினார். ரேலீன் தன் பங்குக்கு, பன்னிரண்டு வருடம் முன் நிபந்தனையை மீறி ஒரு கணினியில் போட்டுக் கொடுத்ததையும் அவருக்கு எழுதினாள். கேட்கவேயில்லை அவர். அவளால் எழுதாமல் இருக்க முடியாது. கதவு மூட இரண்டு நாள் இருக்கும்போது மூட்டை உள்ளே போனது. மிஸ் கிரிம்வுட் ஒரே ஒரு குறை சொன்னார்: விவரக்குறிப்பில் ஒரு வரி அளவுக்கு மேல் நீளம். ரேலீன் திரையைப் பார்த்துச் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஜூனில் மீட்புக் கொட்டகையின் கணினியை மாற்றினார்கள். நெவ் அந்தத் திரையைப் பார்த்திருப்பான், அடியில் என் பெயரைப் படித்திருப்பான் என்று நினைத்து நான் இரண்டு வாரம் நல்ல மனநிலையில் இருந்தேன். என் ஆள்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு நானே மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் என் வாசலில் சரளைக்கல் பறந்தது.

ரேலீன் கையில் இன்னொரு தாள். டாக்லெக் கணக்கில் பிழை என்று புகார் பதிவாகியிருக்கிறது. 'கழிமுக வாயில் வற்றம் அட்டவணையைவிட ஆறு நிமிடம் முந்தி வருகிறது. மூன்று நாள் பார்த்தாகிவிட்டது. என் கடிகாரம் சரியாக ஓடுகிறது. நெ. ஹோர்டன்.'

"இவனுக்கு எப்படிப் புகார் எழுதத் தெரிஞ்சுது?" என்றேன்.

"திரையில அடியில முகவரி இருக்கு. யாரு வேணும்னாலும் எழுதலாம். ஏன், அவனைத் தவிரன்னு போடணுமா?"

நான் அளந்தபோது கழிமுக வாயில் மணல்திட்டு கிடையாது, போன வெள்ளத்தில் வந்தது, என் எண்கள் அன்றைக்குச் சரி என்று சொன்னேன். அன்றைக்குச் சரி என்பதெல்லாம் பதிலாகாது, இன்றைக்கு எண் வேண்டும், இல்லாவிட்டால் 'தீர்க்கப்படவில்லை' என்று என் பெயருக்குப் பக்கத்திலேயே உலகத்துக்கே தெரிய நிற்கும் என்றாள். திரும்ப அளக்க வேண்டும். வாய்ப்பக்கம் கம்பு நட வேண்டும். மீட்புக் கொட்டகைப் படித்துறையில்தான் நட முடியும். நான் அறுவடை நாள்களில் அங்கே நிற்க முடியாது.

"தெனமும் அங்க உக்காந்திருக்கற ஆள் ஒருத்தன் இருக்கான்," என்றாள். "ஆனா இப்பவே சொல்லிடறேன். அவன் அளந்தா அவன் பேரையும் போடணும். விதி."

நான் சிப்பியைப் பிரித்தேன். அவள் காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, இருபத்தேழு வருடம் லாரிகளைக் காக்க வைத்தவள்.

"என் பேருக்குக் கீழதானே?"

"கீழதான்."

அன்று சாயங்காலமே கம்பை வெட்டி வர்ணம் அடித்தேன். எண்களை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினேன். நெவ் ஹோர்டனுக்குக் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது.